மூக்கனுக்கு மூன்றாவது மூக்கு

எங்கள் அலுவலகத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அழுதுகொண்டு வருவார்கள், மீதிப் பேர் கத்திக்கொண்டு வருவார்கள். அன்று காலை வந்தவர் ஒரு துணிப்பையோடு வந்தார். பையை மடியில் வைத்து, இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு, யாருக்கும் வணக்கம் சொல்லாமல் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"என் சம்சாரம் போயிட்டா மேடம். பதினோரு நாள் ஆச்சு. யார்கூடப் போனான்னு கண்டுபிடிச்சுக் குடுங்க."

அவர் மேடம் என்றது எங்கள் துப்பறியும் நிலையத்தின் முதலாளியை. எனக்கு அவர் அக்கா. கூடப்பிறந்த அக்கா இல்லை, சம்பளம் தருகிற அக்கா. இருபத்தாறு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து, ஊரார் பேச்சையெல்லாம் காதில் வாங்கி, ஒன்றைக்கூட வாய்வழியே வெளியே விடாமல் ஓய்வு பெற்றவர். நான் முன்பு இன்ஷூரன்ஸ் விற்றவன். எனவே கேட்பது அவர் வேலை, பேசுவது என் வேலை என்று பிரித்துக்கொண்டிருந்தோம்.

வந்தவர் லிஃப்ட் மெக்கானிக். வயது ஐம்பத்திரண்டு, நகக்கண்ணெல்லாம் கிரீஸ். கல்யாணமாகி இருபத்து நாலு வருஷம், குழந்தை இல்லை. மனைவிக்கு ஒரு பெரிய ஜவுளிக்கடையில் வேலை. ஒரு செவ்வாய்க்கிழமை, பத்தாம் தேதி, அவர் வேலை முடிந்து வீடு வந்தபோது வீடு பூட்டியிருந்தது. உள்ளே மேஜையில் ஒரு சீட்டு. 'என்னைத் தேடி அலையாதீங்க. ஏதாவது கேட்கணும்னா மூக்கனைக் கேளுங்க.'

"மூக்கன்தான் அந்த ஆளா?" என்று நான் பேனாவை எடுத்தேன்.

மெக்கானிக் துணிப்பையைப் பிரித்தார். அலுமினியப் பாத்திரத்தில் உடம்பும், பழைய மேஜை விசிறியின் அடிப்பாகத்தில் காலும், இரண்டு சிவப்பு விளக்கில் கண்ணுமாக ஒரு முழ உயர ரோபோ வெளியே வந்தது. முகத்தின் நடுவில் கறுப்பாகத் துருத்திக்கொண்டிருந்தது மைக். பெயர்க்காரணம் புரிந்ததும் நான் பேனாவை மூடினேன். சந்தேகத்துக்குரிய முதல் ஆளே தகரமாகப் போனால் விசாரணை எங்கே உருப்படும்?

மூன்று வருஷமாகப் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து செய்த பொம்மை அது. உடம்பு அவர் பொறுப்பு, பேச்சு அவள் பொறுப்பு. கம்ப்யூட்டரில் அதற்கென்று ஒரு மென்பொருள் இருக்கிறதாம். இடது கட்டத்தில் ஆள் என்ன கேட்பார் என்று எழுத வேண்டும், வலது கட்டத்தில் ரோபோ என்ன பதில் சொல்ல வேண்டும் என்று எழுத வேண்டும். இடது பக்கத்து வார்த்தை காதில் விழுந்தால் வலது பக்கத்துப் பதிலைப் பேசும். அவள் எழுதாத எதைக் கேட்டாலும், 'புரியவில்லை, மறுபடி சொல்லுங்கள்' என்று இயந்திரக் குரலில் சொல்லிவிடும்.

மூக்கனைக் கேட்டாரா என்று விசாரித்தார் அக்கா.

"பதினோரு நாளா கேக்கறேன் மேடம். எங்க போனா, எவன்கூடப் போனான்னு தொண்டை வத்தக் கேட்டுட்டேன். புரியலை புரியலைங்குது. ஏழு தடவை கழட்டிப் பூட்டிட்டேன். உள்ள ஒண்ணும் இல்லை."

பிறகு தலையைக் குனிந்துகொண்டு, அவளுடைய கம்ப்யூட்டரில் ஒன்று கிடைத்தது என்றார். மூக்கனுக்கு எப்போதும் இயந்திரக் குரல்தான். ஆனால் கடந்த நாலு மாசமாக அவள் தன் சொந்தக் குரலிலேயே வாக்கியங்களைப் பதிவு செய்து சேர்த்து வைத்திருந்தாள். மொத்தம் அறுநூற்றுப் பன்னிரண்டு. அவர் நாற்பத்து மூன்று வரை கேட்டாராம். அதற்கு மேல் கேட்கத் தெம்பில்லை என்றார். செல்போனில் எடுத்து வந்திருந்த நாலைந்தைப் போட்டுக் காட்டினார்.

'நாலு மணிக்கு வந்துடறேன்.'

'எனக்காகக் காத்திருங்க.'

'பார்த்து ரொம்ப நாள் ஆச்சு.'

'என் கையைக் கொஞ்சம் பிடிச்சுக்கோங்க.'

லேசாகக் கரகரத்தாலும் கேட்க இதமான குரல். மெக்கானிக் முகத்தைத் துடைத்துக்கொண்டார். இதையெல்லாம் அவள் தன்னிடம் சொன்னதே இல்லை என்றார். போலீஸ்காரர்களும் கேட்டுவிட்டு, வயது வந்தவர், தானாகப் போயிருக்கிறார், எங்களால் ஒன்றும் செய்வதற்கில்லை என்று அனுப்பிவிட்டார்களாம்.

யார் மேலாவது சந்தேகம் உண்டா என்று கேட்டேன். இருந்தது. கடையில் சேலைப் பிரிவில் நின்று நாள் முழுக்கப் பேசி விற்றுக்கொண்டிருந்தவள், ஐந்து மாசத்துக்கு முன்னால் தானாகக் கேட்டுக் குடோனுக்கு மாறிக்கொண்டாள். புருஷனிடம் சொல்லவே இல்லை. அங்கே மூட்டைகளையும் மேற்பார்வையாளரையும் தவிர யாரும் கிடையாது.

"அந்த மேற்பார்வையாளரைப் பார்த்திருக்கீங்களா?"

"இல்லை. பார்த்தா அடிச்சிடுவேன்னு போகலை."

அடிப்பதற்கு ஆளில்லை என்பது அரை மணியில் தெரிந்துபோயிற்று. மெக்கானிக்கைக் கடை வாசலிலேயே காரில் உட்காரவைத்துவிட்டு நாங்கள் மட்டும் பின்கட்டுக்குப் போனோம். மேற்பார்வையாளருக்கு அறுபத்தொன்பது வயது. பொய்ப்பல். காதில் கேட்கும் மெஷின். கள்ளக்காதலன் வேஷத்துக்கு அவரைத் தேர்ந்தெடுக்க வேண்டுமானால் ஊரில் பஞ்சம் வந்திருக்க வேண்டும் என்று அக்கா காதில் முணுமுணுத்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

பெரியவர் அவளைப் பற்றி வாயாரச் சொன்னார். தங்கமான பொண்ணு. தன் காது மந்தம் என்று தெரிந்ததும் ஒரு சிலேட்டு வாங்கி வந்துவிட்டதாம். எதுவானாலும் எழுதித்தான் காட்டுமாம். ஒரு மாசம் லீவு கேட்டதையும் எழுதித்தான் கேட்டதாம்.

"இந்த மெஷின் எப்ப வாங்கினீங்க?" என்று அக்கா கேட்டார்.

"பொங்கலா... இல்லை, அதுக்கும் முன்னாடி. மூணு மாசம் இருக்கும்மா. நல்லாக் கேக்குது இப்ப. அந்தப் பொண்ணுகிட்டயும் சொன்னேன், இனிமே எழுத வேண்டாம்மா, பேசுன்னு. கேக்கலை. பழகிக்கிறேன்னு எழுதிக் காட்டுச்சு."

பழகிக்கொள்ள சிலேட்டில் என்ன இருக்கிறது, கையெழுத்துப் போட்டியா என்று வெளியே வரும்போது நான் கேட்டேன். அக்காவின் நடை வேகமாயிற்று. இருபத்தாறு வருஷ ஆபரேட்டர் வேகமாக நடந்தால் எங்கேயோ லைன் கிடைத்துவிட்டது என்று அர்த்தம்.

மெக்கானிக்கின் வீட்டில் இரண்டே அறை. ஒன்றில் கட்டில். இன்னொன்றில் மேஜை, அதன் ஒரு பாதி அவருடையது, மறு பாதி அவளுடையது. அவர் பாதியில் ஸ்க்ரூடிரைவர்கள் உயர வரிசையில் நின்றன. அவள் பாதியில் கம்ப்யூட்டரும், மூடி போட்ட ஒரு டம்ளரும், மெத்துமெத்தென்று ஒரு நாற்காலித் திண்டும் இருந்தன. டம்ளரில் இருந்த தண்ணீரை அவர் பதினோரு நாளாகக் கொட்டவில்லை.

அக்கா மூக்கனை மேஜையில் நிறுத்தினார். மெக்கானிக்கின் இழுப்பறையைத் திறந்து இரண்டு சின்னக் கறுப்பு மைக்குகளை எடுத்து மேஜையில் வைத்தார். மூக்கனின் முகத்தில் இருப்பது எத்தனையாவது மூக்கு என்று கேட்டார்.

"மூணாவது. ரெண்டும் சரியில்லை, மாத்திட்டேன்."

"சரியில்லைன்னு எப்படித் தெரிஞ்சுது?"

"அவ பேசினா மூக்கனுக்குப் புரியலை. ஆறு மாசத்துக்கு முன்னாடி ஆரம்பிச்சுது. ரெண்டரை வருஷமா அவ எது சொன்னாலும் டக்குனு பதில் சொல்லிட்டிருந்தான். திடீர்னு புரியலை, புரியலைன்னான். மைக் கெட்டுப்போச்சுன்னு மாத்தினேன். அப்பவும் அதே கதை. இன்னொண்ணு மாத்தினேன்."

"நீங்க பேசினா?"

மெக்கானிக் கொஞ்சம் யோசித்தார். "நான் பேசினாப் புரிஞ்சுது."

மூன்று மைக்குகளும் மேஜை மேல் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"சார், நீங்க மூணு மைக்கையும் சோதிச்சுப் பாத்திருக்கீங்க," என்றார் அக்கா. குரலில் கோபமே இல்லை, அதுதான் கேட்கக் கஷ்டமாக இருந்தது. "அந்தக் குரலை யாரும் சோதிக்கலையே."

தெளிவாகப் பேசு என்று தான் அவளிடம் சொன்னதாக மெக்கானிக் மெல்ல ஒப்புக்கொண்டார். பேசும்போது தொண்டையைச் செருமாதே, மைக்கில் இரைச்சல் விழுகிறது என்றும் சொல்லியிருக்கிறார். சரிங்க என்றாளாம். அதற்குப் பிறகு மேஜைக்கு வந்தாலே அவள் அதிகம் பேசவில்லை. அவரும் அமைதியாக வேலை நடக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

அக்கா கம்ப்யூட்டரைத் திறந்து அந்த அறுநூற்றுப் பன்னிரண்டையும் நாற்பத்து நான்கிலிருந்து ஓடவிட்டார். என்னை நாற்காலியில் உட்காரவைத்து எழுதிக்கொள்ளச் சொன்னார்.

'டீல சக்கரை கம்மியாப் போடுங்க.' 'அடுத்த ஸ்டாப்ல இறங்கணும்.' 'இந்தக் கலர் வேண்டாம், அந்த நீலத்தை எடுங்க.' 'சும்மா இருங்க.' இந்தச் சும்மா இருங்க மட்டும் நாலு தினுசில் இருந்தது: கோபமாக, கெஞ்சலாக, சலிப்பாக, சிரித்துக்கொண்டே. 'இன்னிக்கு என்னால சண்டை போட முடியாது, நாளைக்கு வச்சுக்கலாம்.' எனக்குச் சிரிப்பு வந்தது. மெக்கானிக்குக்கும் உதட்டோரம் ஏதோ அசைந்தது, உடனே போய்விட்டது.

"தம்பி, இந்த மூக்கன் டீ குடிப்பானா?" என்று கேட்டார் அக்கா.

"வாயே கிடையாதேக்கா."

"பஸ்ல போவானா?"

"விசிறிக் காலை வச்சுக்கிட்டா?"

"அப்ப இதெல்லாம் யார் பேசறதுக்கு?"

நான் வாயைத் திறந்தேன். பதில் தெரிந்துவிட்டது. திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டேன். அக்கா நூற்று எண்பத்தெட்டாவதைப் போட்டார். குரல் இதற்குள் நன்றாகக் கம்மிப்போயிருந்தது.

'எனக்குக் காது நல்லாக் கேக்கும். கத்த வேண்டாம். பேசத்தான் முடியாது.'

மெக்கானிக் நின்றுகொண்டிருந்தார். அப்படியே கட்டில் இருந்த பக்கம் திரும்பினார், பிறகு எதற்குத் திரும்பினோம் என்று தெரியாதவர் மாதிரி மறுபடி மேஜையைப் பார்த்தார். காதலனுக்குச் சொன்னது என்று பதினோரு நாளாக நெஞ்சில் வைத்துப் பொசுங்கிக்கொண்டிருந்த வாக்கியங்கள் எல்லாம், பேச்சு போன பிறகு தெருவிலும் கடையிலும் வீட்டிலும் பிழைப்பதற்காக அவள் முன்கூட்டியே சேர்த்து வைத்துக்கொண்டவை. நாலு மணிக்கு வந்துடறேன் என்பதும், கையைப் பிடிச்சுக்கோங்க என்பதும் அவரிடமே சொல்லத்தான்.

"எங்கிட்ட ஏன் சொல்லலை," என்றார். கேள்வி மாதிரியே இல்லை.

அதற்கும் பதில் கம்ப்யூட்டரிலேயே இருந்தது. அந்த மென்பொருளில் இடது கட்டம், வலது கட்டம் போக மூன்றாவதாக ஒரு சின்னக் கட்டம் உண்டு. அந்தக் கேள்வி மூக்கன் காதில் இதுவரை எத்தனை தடவை விழுந்திருக்கிறது என்ற எண்ணிக்கை அதில் ஏறும். 'ஹலோ, ஒண்ணு ரெண்டு மூணு' என்று மெக்கானிக் மைக் சோதித்தது மட்டும் நானூற்றுப் பதினாறு. அவள் போகும்வரை, மூன்று வருஷத்தில் அவர் மூக்கனிடம் பேசியது அது ஒன்றுதான்.

புரியாதவற்றுக்குத் தனியாக ஒரு பட்டியல் இருந்தது. கடைசிப் பதினோரு நாளும் அதில் இருந்தன. எங்க போனா, எவன் அவன், சொல்லுடா, எங்க போனா. ஆறாம் நாளிலிருந்து கேள்வி மாறியிருந்தது. வந்துடு. வந்துடு. வந்துடு. முப்பத்தோரு தடவை. முப்பத்தோரு தடவையும் மூக்கன் புரியவில்லை என்று சொல்லியிருந்தான். நான் படிக்காத மாதிரி ஜன்னல் பக்கம் பார்த்தேன்.

அக்கா பட்டியலை மேலே தள்ளிக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்தினார். இடது கட்டத்தில் ஒரே கேள்வி பதினொரு விதமாக எழுதியிருந்தது. உனக்கு என்ன பண்ணுது. உடம்பு சரியில்லையா. ஏன் குரல் இப்படி இருக்கு. தொண்டை வலிக்குதா. ஏன் ஒரு மாதிரியா இருக்கே. எப்படிக் கேட்டாலும் சரி, மாட்டிக்கொள்ளட்டும் என்று வலை விரித்து வைத்திருந்தாள். பதினொன்றுக்கும் பதில் ஒன்றுதான், அறுநூற்றுப் பன்னிரண்டாவது பதிவு. எழுதிய தேதி ஐந்து வாரத்துக்கு முந்தையது. அவள் போவதற்கு முன்னாலும் இந்த வலை மூன்று வாரத்துக்கு மேல் இந்த மேஜையிலேயே விரித்துக் கிடந்திருக்கிறது.

மூன்றாவது கட்டத்தில் பதினொரு சைபர்.

நான் அந்தப் பதிவைத் தட்டப் போனேன். அக்கா என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு மூக்கனை மெக்கானிக்கின் பக்கம் திருப்பி வைத்தார்.

"உங்களைத்தான் கேக்கச் சொல்லியிருக்காங்க. நீங்க கேளுங்க."

மெக்கானிக் குனிந்தார். உதடு அசைந்தது, வெறும் காற்றுதான் வந்தது. புரியவில்லை, மறுபடி சொல்லுங்கள் என்றான் மூக்கன். அவர் மறுபடி முயன்றபோது பாதியில் தொண்டை அடைத்துக்கொண்டது. புரியவில்லை. ஆறு மாசம் அவள் பட்ட பாடு அவருக்கு அந்த ஒரு நிமிஷத்தில் விளங்கியிருக்கும். நிமிர்ந்து அவளுடைய டம்ளரை எடுத்து, பதினோரு நாள் பழைய தண்ணீரைக் குடித்தார்.

"உனக்கு என்னம்மா பண்ணுது?"

மூக்கனின் கண் எரிந்தது. கரகரவென்று, பாதி காற்றாக, அவள் பேசினாள்.

'கேட்டுட்டீங்களா. சரி, சொல்றேன். தொண்டையில கட்டிங்க. நல்ல கட்டி இல்லை. குரலை எடுத்தாத்தான் ஆள் மிஞ்சும்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரி, மூணாவது மாடி. பதினெட்டாம் தேதி காலைல ஆபரேஷன். நீங்களாக் கேக்கணும்னு பாத்துட்டே இருந்தேன். தப்புதான், நானே சொல்லியிருக்கணும். ஆனா ஒரு தடவை நீங்க கேட்டு நான் சொல்லணும்னு ஆசையா இருந்துச்சு. பதினெட்டுக்குள்ள கேட்டீங்கன்னா வாங்க. இந்தக் குரல் இருக்கிறவரைக்கும் ரெண்டு பேரும் பேசிட்டிருக்கலாம்.'

திரையில் ஒரு சைபர் ஒன்றாக மாறியது. அன்று தேதி இருபத்தொன்று.

கார் ஆற்றுப் பாலத்தில் ஏறியது. ஏழு தடவை கழட்டிப் பூட்டினேனே என்று மட்டும் மெக்கானிக் ஒருமுறை சொன்னார். எங்களிடம் ஆறுதல் எதுவும் கைவசம் இல்லை. குற்றவாளியைப் பிடித்துவிட்டோம், அவன் பின்சீட்டில் தகர ரோபோவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என்று எனக்கு ஒரு வசனம் தோன்றியது. இந்தத் தொழிலுக்கு வந்த நாளாக நான் விழுங்கிய முதல் வசனம் அதுதான்.

மூன்றாவது மாடியில் இருந்த நர்ஸ் எங்களை நிறுத்தி, நீங்கள் யார் என்று விசாரித்தார். மெக்கானிக் பெயரைச் சொன்னதும் ஒரு காகிதத்தை எடுத்துக் காட்டினார். 'கூட இருப்பவர்' என்ற கட்டத்தில் அவர் பெயருக்கு எதிரே 'வருவார்' என்று எழுதியிருந்தது.

"தினமும் கேட்டோம் சார். வருவார்னாங்க. பதினெட்டாம் தேதி தியேட்டருக்குள்ள தள்ளிட்டுப் போறப்பக்கூட, பத்து நிமிஷம் பாக்கலாமான்னு கேட்டாங்க. டாக்டர் அரை மணி காத்திருந்தாரு."

ஜன்னலோரக் கட்டிலில் அவள் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கழுத்தைச் சுற்றிக் கட்டு, நடுவில் ஒரு குழாய். மடியில் குடோன் சிலேட்டு. அவரைப் பார்த்ததும் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். வேகமாக மூச்சு விட்டாள், அந்த மூச்சு கழுத்துக் குழாயில் சத்தமில்லாமல் போய் வந்தது.

அவர் கட்டிலடியில் நின்றார். பையை என்ன செய்வதென்று தெரியாமல் கட்டில்மேல் வைத்தார்.

"உனக்கு என்னம்மா பண்ணுது?" என்றார்.

கேட்டது அவளைத்தான். ஆனால் பைக்குள் மூக்கனுக்கும் காது இருந்தது. 'கேட்டுட்டீங்களா. சரி, சொல்றேன்,' என்று அவள் குரல் துணிக்குள்ளிருந்து எழும்பியது.

அவள் திரும்பினாள். தன் குரலை அவள் மூன்று நாளாகக் கேட்டிருக்கவில்லை. தொண்டையில கட்டிங்க என்று அது சொல்லச் சொல்ல, அவள் வாய் திறந்து அழுதாள், சத்தமே வரவில்லை. மெக்கானிக் அழுத சத்தம் மட்டும் வார்டு முழுக்கக் கேட்டது. பக்கத்துக் கட்டில்காரர்கள் எங்களைப் பார்த்தார்கள். பதினெட்டுக்குள்ள கேட்டீங்கன்னா வாங்க என்ற இடம் வந்தபோது அவள் கையை நீட்டிப் பைக்குள் விட்டு, மூக்கனின் முதுகில் இருந்த பொத்தானை அமுக்கி நிறுத்தினாள்.

பிறகு சிலேட்டை எடுத்தாள். ஏதோ எழுதினாள், துடைத்தாள், மறுபடி எழுதித் திருப்பிக் காட்டினாள்.

'இனிமே என்கிட்டயே கேளுங்க. எழுத நேரமாகும்.'

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். என்ன கேட்டாரோ, வாசல் வரை எங்களுக்குக் கேட்கவில்லை. அவள் குனிந்து எழுத ஆரம்பித்தாள். அக்கா என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தார். நான் ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். சுண்ணாம்புக்கட்டி நகரும் திசையிலேயே அவர் கண்ணும் நகர்ந்துகொண்டிருந்தது. அவள் எழுதி முடிக்கிறவரை அவர் வாயைத் திறக்கவில்லை.